சொல்லற்ற சித்திரங்களும் ஒழுக்கச் சிந்தனையும்: பிறேசிலின் பண்பாட்டு வட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

படங்களைக் கொண்டு நல்லொழுக்கம் புகட்டும் முயற்சி மனித வரலாற்றிற் புதியதொன்றன்று. கோயிற் சுவர்களும் தேவாலயச் சாளரங்களும் எழுத்தறியாதோர்க்குரிய ஏடுகளாகப் பல நூற்றாண்டுகள் பயன்பட்டுள்ளன. அச்சுக்கலை பரவிய பின்னர் இம்முயற்சி வீடுகளிலும் தொழிற்கூடங்களிலும் புகுந்தது. 1747ஆம் ஆண்டில் இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் வெளியிட்ட 'உழைப்பும் சோம்பலும்' என்னும் தொடர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பன்னிரு படங்களைக் கொண்ட அத்தொடரில், ஒரே தறிக்கூடத்தில் தொழில் பயிலத் தொடங்கும் இரு இளைஞருள் ஒருவன் உழைத்து உயர்ந்து மாநகர மேயராகின்றான். மற்றவன் சோம்பலாற் சீரழிந்து தூக்குமரத்தை அடைகின்றான். கதையைப் படங்களே ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிடுகின்றன. ஆயினும் ஹோகார்த் அவற்றைத் தனியே விடத் துணியவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் விவிலிய வாசகமொன்றைப் பொறித்தார். குடியின் கேட்டைக் காட்டும் 'ஜின் சந்து' என்னும் அவரது 1751ஆம் ஆண்டுப் படத்தின் கீழும் அறிவுரைச் செய்யுள் இடம்பெற்றது.

இவ்வகைப் படங்களில் எதைக் காணவேண்டும் என்பதை ஓவியம் தீர்மானித்தது. கண்டதைப் பற்றி யாது நினைக்கவேண்டும் என்பதை அடியிலிருந்த சொல் தீர்மானித்தது. பார்ப்பவர்க்கு எஞ்சியிருந்தது இசைந்து தலையசைக்கும் கடமை ஒன்றே. அவ்வாறாயின், அச்சொல்லை நீக்கிவிட்டு, கற்போரைப் படத்தின் முன் வட்டமாக இருத்தி, அவர்களையே பேசவிட்டால் நிகழ்வது யாது? நன்மை தீமை பற்றிய சிந்தனை அங்கு குலைந்து போகுமா, வளர்ச்சியடையுமா? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு அளித்த விடைகளுட் குறிப்பிடத்தக்கது, வடகிழக்குப் பிறேசிலில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த 'பண்பாட்டு வட்டங்கள்' என்னும் இயக்கமாகும். அவ்வனுபவத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வியக்கத்தின் பின்னணியை விளங்கிக்கொள்ள, 1932ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றை முதலில் நோக்குதல் வேண்டும். சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் ஜீன் பியாஜே எழுதிய 'குழந்தையின் ஒழுக்கத் தீர்ப்பு' என்பதே அந்நூல். ஜெனீவாவிலும் நொஷற்றெலிலும் சிறுவர்கள் போளை விளையாடுவதை அவதானித்தும், அவர்களிடம் சிறு கதைகளைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டும் பியாஜே தமது முடிபுகளை உருவாக்கினார். அறியாது பதினைந்து கோப்பைகளை உடைத்த சிறுவன் பெரிய குற்றவாளியா, பழப்பாகு களவாடும்போது ஒரு கோப்பையை உடைத்தவன் பெரிய குற்றவாளியா என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. இளஞ்சிறார் உடைந்த கோப்பைகளை எண்ணித் தீர்ப்பளித்தனர். வளர்ந்த சிறார் உள்ளக் கருத்தை எடைபோட்டுத் தீர்ப்பளித்தனர். இம்மாற்றம் பெரியோரின் கட்டளையினால் மட்டும் நிகழ்வதன்று என்பதே பியாஜேயின் முடிபாகும். மேலிருந்து வரும் கட்டளை கீழ்ப்படிதலையே வளர்க்கும். ஒத்த நிலையினர் ஒருவரோடொருவர் கூடி விளையாடி, வாதிட்டு, விதிகளைத் தாமே ஆக்கிக்கொள்ளும்போதுதான் தன்வயப்பட்ட ஒழுக்கம் அரும்பும் என அவர் வாதிட்டார்.

பியாஜேயின் இந்நூல், அட்லாந்திக்கின் மறுகரையில் எதிர்பாராத ஒரு நிகழ்ச்சிக்குக் காரணமாயிற்று. வடகிழக்குப் பிறேசிலின் றெசீபே நகரில் 1921ஆம் ஆண்டிற் பிறந்த பாவுலோ பிறெயிரே, 1929இன் பொருளாதார வீழ்ச்சியால் நலிந்த நடுத்தரக் குடும்பமொன்றிற் பசியை அறிந்து வளர்ந்தவர். 1940களின் பிற்பகுதியில் தொழிலாளர் நலனுக்கான சமூக சேவை நிறுவனமொன்றின் கல்விப் பிரிவிற் பணியாற்றத் தொடங்கிய அவர், தொழிலாளப் பெற்றோருக்கு விரிவுரைகள் நிகழ்த்திவந்தார். பிள்ளைகளை அடித்துத் தண்டிக்கும் வழக்கம் அக்குடும்பங்களில் மிகுந்திருந்தமையால், ஒரு மாலைப்பொழுதில் பியாஜேயின் நூலை ஆதாரமாகக் கொண்டு தண்டனையின் தீமைகளை அவர் நீளமாக விளக்கினார். உரை முடிந்ததும் நாற்பது வயது மதிக்கத்தக்க தொழிலாளி ஒருவர் எழுந்தார். விரிவுரையாளரின் வீடு எத்தகையதாயிருக்கும் என அவர் ஊகித்து வருணித்தார். பெற்றோருக்கோர் அறை, பிள்ளைகளுக்குத் தனி அறைகள், நூல்கள் நிறைந்த அறை, முற்றம் என அவர் அடுக்கியவை யாவும் சரியாகவேயிருந்தன. பின்னர் தம் போன்றோரின் ஒடுங்கிய குடிலையும், விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்வதையும், பசியோடு அழும் பிள்ளைகளையும் எடுத்துரைத்தார். தாம் அடிப்பது அன்பின்மையாலன்று, வாழ்வின் கொடுமை வேறு வழி விடாமையாலேயே என அவர் உரைத்து அமர்ந்தார்.

வீடு திரும்பும் வழியில், மக்கள் தம்மைப் புரிந்துகொள்ளவில்லையோ எனப் பிறெயிரே வருந்தினார். அவர்களைப் புரிந்துகொள்ளாதவர் அவரேயாக இருத்தல் கூடாதா என அவருடைய மனைவி எல்சா வினவினார். 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இந்நிகழ்ச்சியை நினைவுகூரும் பிறெயிரே, தம் வாழ்விற் பெற்ற மிகத் தெளிவான பாடமாக அதனைக் குறிப்பிடுகின்றார். இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. ஒழுக்கம் விரிவுரையால் வளர்வதில்லை என்று கூறும் நூலை அவர் விரிவுரையாகவே வழங்கினார். ஹோகார்த்தின் படத்தடியிற் பொறிக்கப்பட்ட வாசகத்துக்கும் அம்மாலை உரைக்கும் தன்மையில் வேறுபாடு மிகுதியில்லை. இரண்டும் கேட்போரின் வாழ்வை அறியுமுன்னரே தீர்ப்பை அறிந்திருந்தன.

அடுத்துவந்த ஆண்டுகளிற் பிறெயிரே உருவாக்கிய முறை, இத்தவற்றிலிருந்து விலகும் முயற்சி எனலாம். 1960களின் தொடக்கத்தில் றெசீபேயின் மக்கள் பண்பாட்டு இயக்கத்திலும், பின்னர் றெசீபேப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு விரிவாக்கச் சேவையிலும் பணியாற்றிய காலத்தில், முதியோர்க்கு எழுத்தறிவூட்டும் புதிய வழியொன்றை அவர் வகுத்தார். வகுப்புக்குப் பதிலாகப் 'பண்பாட்டு வட்டம்', ஆசிரியருக்குப் பதிலாக 'ஒருங்கிணைப்பாளர்', விரிவுரைக்குப் பதிலாக உரையாடல், மாணாக்கருக்குப் பதிலாகப் 'பங்காளர்' எனப் பெயர்கள் மட்டுமன்றி உறவுகளும் மாற்றப்பட்டன. எழுத்தைத் தொடுவதற்கு முன்னர் பங்காளர் படங்களைக் கண்டு உரையாடினர். அப்படங்களை வரைந்தவர் றெசீபேயின் புகழ்பெற்ற ஓவியர் பிறான்சிஸ்கோ பிறென்னான்ட் ஆவார். அவை படவில்லைகளாக்கப்பட்டுச் சுவரில் வீழ்த்திக் காட்டப்பட்டன.

பத்துப் படங்களைக் கொண்ட அவ்வரிசை ஒரு கதைத் தொடரின் அமைப்பையுடையது. முதற் படத்தில் ஒரு மனிதன் தன் வீட்டையும் கிணற்றையும் மரத்தையும் சூழவுள்ள உலகின் நடுவே நிற்கின்றான். கிணற்றை வெட்டியவர் யார்? ஏன் வெட்டினார்? மரத்தை ஆக்கியவர் யார்? என்னும் எளிய வினாக்களை ஒருங்கிணைப்பாளர் எழுப்புவார். அடுத்த படம் மனிதர் உரையாடுவதைக் காட்டும். பின்னர் வில்லேந்திய வேடனும், துப்பாக்கியேந்திய வேடனும், வேட்டையாடும் பூனையும் அடுத்தடுத்து வருவர். ஆறாம் படத்திற் களிமண்ணைப் பிசைந்து கலம் வனைவோரும், ஏழாம் படத்தில் மலர் தாங்கிய கலமும் காணப்படும். எட்டாவதில் மட்டுமே எழுத்து நுழைகின்றது. அணுகுண்டின் அச்சத்தைப் பாடும் மக்கட் பாடலொன்று அங்கு இடம்பெற, ஒருங்கிணைப்பாளர் அதனை வாசித்துக் காட்டுவார். ஒன்பதாம் படம் நாட்டின் தென்பகுதி மாட்டிடையனையும் வடகிழக்கு மாட்டிடையனையும் அவரவர் உடையிற் காட்டும். இறுதிப் படமோ ஒரு பண்பாட்டு வட்டத்தையே காட்டும். பங்காளர் தம்மைத் தாமே அங்கு கண்டனர்.

இவ்வரிசையின் வெளிப்படையான நோக்கம் இயற்கைக்கும் பண்பாட்டுக்குமுள்ள வேறுபாட்டை உணர்த்துவதாகும். எனினும் அதன் அடித்தளத்தில் ஓர் ஒழுக்க வினா உள்ளது. பூனையும் வேட்டையாடுகின்றது, மனிதனும் வேட்டையாடுகின்றான். ஆயினும் பூனையைக் குற்றஞ்சாட்டுவோரில்லை. தான் செய்வதைத் திரும்பிப் பார்க்க வல்லவனும், வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியவனும் மனிதன் ஒருவனே. மரம் இயற்கையின் ஆக்கம். அது அவ்வாறிருப்பதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். கிணறோ மனிதரின் ஆக்கம். எனவே அது யாருக்கு உரியது, யாருக்கு மறுக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் பிறக்கின்றன. வறுமையையும் தாழ்வையும் மழை, வரட்சி போன்று விதிவழி வந்தவையெனக் கருதிய கரும்புத் தோட்டத் தொழிலாளிக்கும் குடியானவனுக்கும், அவை மரத்தின் இனத்தைச் சேர்ந்தவையா, கிணற்றின் இனத்தைச் சேர்ந்தவையா என்னும் ஐயம் எழுவதற்கு இப்படங்கள் இடமளித்தன. மனிதர் ஆக்கிய ஒன்றைப் பற்றியே நீதி, அநீதி எனப் பேசமுடியும். அவ்வகையில், இவ்வேறுபாட்டை உணர்வதே ஒழுக்கச் சிந்தனையின் முதற் படி எனலாம்.

படத்தைக் கண்டோர் தம்மைப் பற்றியும் புதியவாறு மதிப்பிடலாயினர். தலைநகர் பிறசீலியாவில் வீதி கூட்டும் தொழிலாளி ஒருவர், மறுநாள் தலைநிமிர்ந்து வேலைக்குச் செல்லப் போவதாகக் கூறினார் எனப் பிறெயிரே பதிவு செய்துள்ளார். சப்பாத்துத் தைக்கும் மற்றொருவர், நூல் எழுதும் கலாநிதிக்குத் தாமும் நிகர் என உணர்ந்ததாக உரைத்தார். இவை எவரும் அவர்க்குக் கற்பித்த வாசகங்களல்ல. களிமண்ணைக் கலமாக்கும் கைகளைச் சுவரிற் கண்டு, அவற்றைப் பற்றித் தம் அயலவரோடு பேசியதன் விளைவாகத் தாமே கண்டடைந்தவையாகும்.

1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் றியோ கிறாண்டே டோ நோர்ட்டே மாநிலத்தின் அஞ்சிக்கோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர் இம்முறைப்படி சுமார் 40 மணிநேரப் பயிற்சியில் எழுத்தறிவு பெற்றனர். அவ்வாண்டு ஏப்ரில் 2ஆம் திகதி நடைபெற்ற நிறைவு விழாவுக்கு நாட்டின் சனாதிபதி ஜோவாவ் கூலார்ட் நேரில் வந்தார். இதன் அரசியல் முக்கியத்துவம் எளிதில் விளங்கத்தக்கது. பிறேசிலின் 1891ஆம் ஆண்டு அரசியலமைப்பு எழுத்தறிவற்றோர்க்கு வாக்குரிமையை மறுத்திருந்தது. அத்தடை 1985இலேயே நீங்கியது. எனவே எழுத்தறிவு பெற்ற ஒவ்வொரு குடியானவனும் ஒரு புதிய வாக்காளனாவான். 1964ஆம் ஆண்டு சனவரியில் அரசு தேசிய எழுத்தறிவுத் திட்டத்தை அறிவித்து, நாடெங்கும் 20,000 பண்பாட்டு வட்டங்களை நிறுவத் திட்டமிட்டது. மார்ச்சு இறுதியில் நிகழ்ந்த இராணுவப் புரட்சி கூலார்ட்டின் அரசைக் கவிழ்த்தது. இரு வாரங்களுள் அத்திட்டம் இரத்துச் செய்யப்பட்டது. பிறெயிரே ஏறத்தாழ எழுபது நாட்கள் சிறையிலிருந்த பின்னர் பொலிவியாவுக்கும் அங்கிருந்து சிலிக்கும் புலம்பெயர்ந்தார்.

பிறென்னான்டின் மூலப் படங்களும் பறிமுதலாயின. பிற்காலத்திற் பிறெயிரேயின் நூலில் இடம்பெற்ற படங்கள், தாமும் நாடுகடந்து வாழ்ந்த விசென்ட் டி அபிறேயு என்னும் பிறேசில் ஓவியர் அவற்றைத் தழுவிப் புதிதாக வரைந்தவையாகும். ஒரு கிணறு, ஒரு பூனை, ஒரு மட்கலம் ஆகியவற்றைக் காட்டும் படங்களை ஓர் அரசு ஏன் கைப்பற்ற வேண்டும்? எழுதப்பட்ட துண்டுப்பிரசுரத்துக்குத் தணிக்கையாளன் மறுப்பு எழுதலாம். அதிலுள்ள வரியை அடிக்கலாம். சொல்லற்ற படத்திலே அடிப்பதற்கு வரியில்லை. ஆபத்து படத்தில் இருக்கவில்லை. அதைச் சுற்றி இருந்து பேசியோரின் தீர்ப்பிலேயே இருந்தது. அத்தீர்ப்பை முன்கூட்டியே அறிய எவராலும் முடியாது.

படத்தை ஆக்கியவராலும் அது முடியாது என்பதற்குச் சிலியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்றாகும். 1960களின் பிற்பகுதியில் சந்தியாகோ நகரின் நெரிசலான குடியிருப்பொன்றில் வாழ்ந்தோர் குழுவுக்கு ஒரு காட்சி காட்டப்பட்டது. அதில் ஒரு குடிகாரன் வீதியில் நடந்து செல்கின்றான். தெருமுனையில் மூன்று இளைஞர் நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர். குடிப்பழக்கம் பற்றிய கருத்துக்களை அறிவதே ஆய்வாளரின் நோக்கமாயிருந்தது. குழுவினரின் தீர்ப்போ வேறாயிருந்தது. அக்காட்சியில் நாட்டுக்குப் பயன்படும் ஒரே மனிதன் அக்குடிகாரனே என்றனர் அவர்கள். அவன் நாள் முழுவதும் குறைந்த கூலிக்கு உழைத்துவிட்டு, குடும்பத்தின் தேவைகளை நிறைவேற்ற இயலாத கவலையோடு வீடு திரும்புகின்றான், அவனே உழைப்பாளி, தம்மைப் போன்றே நேர்மையானவன், தம்மைப் போன்றே குடிப்பவன் என அவர்கள் விளக்கினர். இதனை எடுத்துரைக்கும் பிறெயிரே, வினாக்கொத்தைக் கொடுத்துக் கேட்டிருந்தால் அவர்கள் தாம் குடிப்பதையே மறுத்திருக்கக்கூடும் என்கின்றார். குடியின் தீமையைப் பற்றி அங்கு போதனை செய்ய முற்படும் ஆசிரியர் தோல்வியே அடைவார் என்பதும் அவர் கருத்தாகும்.

ஹோகார்த்தின் 'ஜின் சந்து' வெளிவந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், குடிகாரனைக் காட்டும் மற்றொரு படம் பெற்ற தீர்ப்பு இது. கீழே செய்யுளிருந்திருந்தால் அத்தீர்ப்பு வெளிப்பட்டிராது. எனினும் இதனை வியந்து பாராட்டுவதோடு நின்றுவிடுதல் பொருந்தாது. குழுவின் தீர்ப்பும் ஆராயப்படவேண்டியதே. தெருமுனையில் நின்ற இளைஞர் மூவரும் வீணர் என அவர்கள் கொண்டது நியாயமா? அவர்களுக்கு வேலை கிடையாமையும் ஒரு காரணமாகலாமன்றோ? குடிகாரன் செலவழித்த கூலியை எதிர்பார்த்து வீட்டிற் காத்திருந்த பெண் அப்படத்தில் இல்லை. அவளும் வட்டத்தில் அமர்ந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கக்கூடும். படத்தில் உள்ளோர் யார் என்பது போன்றே, படத்தில் இல்லாதோர் யார் என்பதும் ஒழுக்க வினாவாகும். தமது ஆரம்பகால நூல்கள் ஆணையே மனிதனாகக் கொண்டு பேசின என்னும் பெண்களின் கண்டனத்தைப் பிறெயிரே பின்னர் ஏற்றுக்கொண்டமை இங்கு நினைக்கத்தக்கது.

இதே காலத்தில் வட அமெரிக்காவிலும் கலந்துரையாடலின்வழி ஒழுக்கச் சிந்தனையை வளர்க்கும் முயற்சி நடைபெற்றது. பியாஜேயின் வழிவந்த லோறன்ஸ் கோல்பேர்க், பிளாற் என்பவருடன் இணைந்து 1975இல் வெளியிட்ட ஆய்வு, ஒழுக்கச் சிக்கல்களைப் பற்றி வகுப்பறையில் வாதிட்ட மாணவருள் ஒரு பகுதியினர் மேலான படிநிலைக்கு முன்னேறினர் எனக் காட்டியது. ஆனால் அங்கு சிக்கல்கள் சொல்லில் அமைந்தவை. சாகும் மனைவியைக் காப்பாற்றக் கணவன் மருந்தைத் திருடலாமா, கூடாதா என்பதே அவற்றுட் புகழ்பெற்றது. வினாவின் எல்லை அங்கு முன்பே வரையப்பட்டுவிட்டது. 1982இல் கறொல் கில்லிகன் வெளியிட்ட நூலில், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வெல்லைக்குள் நிற்க மறுக்கின்றாள். மருந்து வணிகரோடு பேசிப் பார்க்கலாகாதா, கடன் பெறலாகாதா என அவள் வேறு வழிகளைத் தேடுகின்றாள். கோல்பேர்க்கின் அளவுகோலில் அது குறைந்த புள்ளிக்குரியதாயிற்று. கில்லிகனோ அதிற் பிறிதொரு வகை ஒழுக்கச் சிந்தனையைக் கண்டார். சந்தியாகோவின் குடியிருப்பாளரும் இச்சிறுமியும் செய்தது ஒன்றே. இருவரும் கொடுக்கப்பட்ட வினாவுக்கு விடை கூறாது, வினாவையே திருத்தினர். சொல்லற்ற படம் அத்திருத்தத்துக்கு இயல்பாகவே இடமளிக்கின்றது. அதுவே அதன் சிறப்பாகும்.

எனினும் படத்துக்குச் சொல்லில்லை என்பதால் அது நடுநிலையானது எனக் கொள்ளலாகாது. பத்துப் படங்களையும் தேர்ந்து வரிசைப்படுத்தியவர் பிறெயிரே. அவ்வரிசை எங்கு சென்று முடியவேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். கிணற்றைக் காட்டி வினா எழுப்பும் ஒருங்கிணைப்பாளர், எதிர்பார்த்த விடை வரும்வரை வினாவை மாற்றி மாற்றிக் கேட்பாராயின், படத்தடியில் இல்லாத வாசகம் அவர் நாவிலிருந்து ஒலிக்கும். பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரிடத்தும் உரையாடற் பண்பை வளர்ப்பதே மிகக் கடினமான பணியென்பதைப் பிறெயிரேயே ஒப்புக்கொண்டுள்ளார். ஆதலின் படத்தின் மௌனம் மட்டும் போதுமானதன்று. ஆசிரியரின் மௌனமும் வேண்டும். அம்மௌனம் பொறுப்பைக் கைவிடுவதன்று. தாம் எதிர்பாராத விடையையும் கேட்கும் ஆயத்தமேயாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, பண்பாட்டு வட்டங்களின் வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. ஒழுக்கச் சிந்தனை என்பது சரியான விடையைப் பெற்றுக்கொள்ளுதலன்று. தான் கண்டதைச் சொல்லி, அயலவன் கண்டதைக் கேட்டு, இரண்டுக்குமிடையே தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியேயாகும். றெசீபேயில் அம்மாலை எழுந்து பேசிய தொழிலாளி, பியாஜேயின் நூலை வாசித்திருக்கவில்லை. ஆயினும் ஒத்தோரிடையே நிகழும் உரையாடலிலேயே நீதி பிறக்கும் என்னும் அந்நூலின் சாரத்தை அம்மண்டபத்தில் மெய்ப்பித்தவர் அவரே. பின்னர் சுவரில் வீழ்த்தப்பட்ட சொல்லற்ற சித்திரங்கள் யாவும், அவரைப் போன்றோர் மீண்டும் எழுந்து பேசுவதற்காக விடப்பட்ட இடைவெளியே எனலாம்.